ரொட்டி கேட்டு வெர்சாய்க்கு நடந்தவர்கள்: 1789 அக்டோபர் 5, 6 – ஒரு நிகழ்வு ஆய்வு

1789 அக்டோபர் 5, திங்கட்கிழமை காலை. பாரிஸின் பெரிய சந்தையான லே ஆலில் முரசு ஒலித்தது. நகரின் கிழக்கே, தச்சர்களும் பூட்டுத் தொழிலாளர்களும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த சேன்த் அந்த்வான் பகுதியில் தேவாலயத்தின் அபாய மணி அடித்தது. கடைகளில் ரொட்டி இல்லை. மீன் விற்பவர்கள், காய்கறி விற்பவர்கள், தையல்காரிகள், சலவைக்காரிகள் என்று பெண்கள் திரண்டு நகர மன்றத்துக்குள் புகுந்தார்கள். ஈட்டியோ துப்பாக்கியோ, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். பீரங்கியையும் விடவில்லை. ஆறேழாயிரம் பேர் மழையில் நனைந்தபடி, சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்த வெர்சாய் அரண்மனையை நோக்கி நடந்தார்கள். பாஸ்டில் கோட்டையைப் பிடித்தவர்களில் ஒருவரான ஸ்தானிஸ்லாஸ் மையார் முன்னால் போனார்.

மறுநாள் இரவு அவர்கள் பாரிஸ் திரும்பியபோது ராஜா, ராணி, குட்டி இளவரசன் எல்லோரும் கூடவே வந்தார்கள். பதினாறாம் லூயி அதற்குப் பிறகு வெர்சாயில் வாழவே இல்லை.

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் நமக்கு ஜூலை 14-தான் நினைவுக்கு வருகிறது. பாடப்புத்தகமும் அங்கேதான் நின்று பேசும். ஆனால் ஜூலையில் விழுந்தது ஒரு கோட்டை. அக்டோபரில் மன்னரே மக்கள் கைக்கு வந்துவிட்டார். அதனால்தான் இந்த இரண்டு நாட்களை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி எளிமையானது. பசி என்றால் ரொட்டிக் கடையை உடைத்திருக்கலாம்; கடை தெருமுனையிலேயே இருக்கிறது. கொட்டும் மழையில் ஆறு மணி நேரம் நடந்து ராஜாவிடம் ஏன் போனார்கள்? பசி பிரான்சுக்குப் புதிதில்லை. அதைவிடக் கொடிய பஞ்சங்களில் மக்கள் சத்தமில்லாமல் செத்திருக்கிறார்கள். 1789-ல் இருந்தவர்களுக்கோ பசிக்கு யாரிடம் கணக்குக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அந்தத் தெளிவு எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நான்கு பவுண்டு ரொட்டியின் கணக்கு

பாரிஸ் ஏழைகளின் உணவு ஒரே ஒரு பொருள்: நான்கு பவுண்டு எடையுள்ள ரொட்டி. இன்றைய கணக்கில் 2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இறைச்சியும் வெண்ணெயும் எப்போதாவது கிடைத்தால் உண்டு. நமக்குச் சோறு எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. அதன் சாதாரண விலை 8 அல்லது 9 சூ. 20 சூ சேர்ந்தால் ஒரு லிவ்ர்.

ஒரு கட்டடச் சித்தாளை எடுத்துக்கொள்வோம். நாள் கூலி 30 சூ. ஆனால் ஞாயிறும் தேவாலயத் திருநாட்களும் கூலியில்லா நாட்கள்; அவை வருடத்தில் ஏராளம். அதையெல்லாம் கழித்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு அவர் கையில் நிற்பது ஏறக்குறைய 18 சூ. வீட்டுக்குத் தினம் ஒரு நான்கு பவுண்டு ரொட்டி வாங்கினால், விலை 9 சூவாக இருக்கும்போதே பாதி வருமானம் போய்விடும். மீதி 9 சூவில் வாடகை, விறகு, எண்ணெய், துணி, கொஞ்சம் ஒயின். சரி, இப்படியே ஓட்டிவிடலாம்.

1788 ஆகஸ்டில் 9 சூவாக இருந்த ரொட்டி 1789 பிப்ரவரியில் 14.5 சூ ஆனது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 18-ல் 14.5 போனால் மிச்சம் 3.5 சூ. வருமானத்தில் 80 சதவீதம் ரொட்டிக்கே. இதில் வாடகையை எங்கே கொடுப்பது, அந்தக் கொடுங்குளிரில் விறகு எங்கே வாங்குவது? ஒரு ரொட்டியை வைத்துக்கொண்டு வீட்டில் யாருக்கு எவ்வளவு என்று பிட்டுக் கொடுப்பது பெண்களின் வேலை. அதிகாலை இருட்டில் கடை வாசலில் வரிசையில் நிற்பதும் அவர்கள்தான். அக்டோபரில் முதலில் தெருவுக்கு வந்தவர்கள் பெண்கள் என்பதன் முதல் காரணம் இந்த வரிசையிலேயே இருக்கிறது.

விலை ஏன் இப்படி ஏறியது? உடனடிக் காரணம் வானம். 1788 ஜூலை 13 அன்று பாரிஸைச் சுற்றியிருந்த விளைநிலங்களில் பெரும் ஆலங்கட்டி மழை கொட்டியது. அறுவடை நேரம், கதிர்கள் நிலத்தோடு நசுங்கின. அப்புறம் வந்த குளிர்காலத்தில் ஆறுகள் உறைந்தன. படகில் தானியம் வர வழியில்லை. இருக்கிற தானியத்தை அரைக்கலாம் என்றால் நீர் ஆலைகள் ஓடவில்லை.

ஆனால் வானத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போக முடியாது. 1700 வாக்கில் சுமார் 2 கோடியாக இருந்த பிரான்சின் மக்கள்தொகை 1789-ல் சுமார் 2 கோடியே 80 லட்சம். உழும் நிலமும் உழவு முறையும் அந்த வேகத்துக்கு வளரவில்லை. 1726–41 காலத்தோடு 1785–89 காலத்தை ஒப்பிட்டால் வாழ்க்கைச் செலவு 60 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. கூலி ஏறியது 22 சதவீதம் அளவுக்குத்தான். ஒரு மோசமான வருடத்தைத் தாங்கும் தெம்பு அதற்கு முந்தைய அரை நூற்றாண்டிலேயே கரைந்துபோயிருந்தது.

நெசவும் அந்த நேரம் பார்த்துப் படுத்துவிட்டது. 1786-ல் இங்கிலாந்தோடு செய்த வணிக ஒப்பந்தம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இயந்திரத்தில் நூற்ற நூலால் நெய்த மலிவான ஆங்கிலத் துணி உள்ளே வர, ருவான், த்ருவா, அமியான் போன்ற நெசவு ஊர்களில் தறிகள் நின்றன. ரொட்டி விலை உயர்ந்தபோது கூலியும் இல்லாமல் போனது. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் சமாளித்திருப்பார்கள். ரொட்டிக்கே காசு போதாதவர்கள் துணி வாங்குவதை நிறுத்தினார்கள். அதனால் இன்னும் தறிகள் நின்றன.

மலையேறிய ஒரு பெண்

கிராமத்தைப் பார்க்காமல் பாரிஸைப் புரிந்துகொள்ள முடியாது. நகரத்துக்கு வேலை தேடி வந்து சேர்ந்தவர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். பாஸ்டில் விழுவதற்கு இரண்டு நாள் முன்பு, 1789 ஜூலை 12 அன்று, ஆர்தர் யங் என்ற ஆங்கில வேளாண் ஆய்வாளர் கிழக்கு பிரான்சில் ஒரு மேட்டில் குதிரையைப் பிடித்தபடி நடந்து ஏறிக்கொண்டிருந்தார். கூட ஒரு ஏழைப் பெண் நடந்தாள். முதுகு வளைந்து, முகம் சுருங்கி, பார்த்தால் 60, 70 வயது சொல்லலாம். அவளுக்கு வயது 28.

வீட்டு நிலைமையை அவள் அவரிடம் சொன்னாள். கையகல நிலம், ஒரு மாடு, ஒரு நோஞ்சான் குதிரை, ஏழு குழந்தைகள். ஒரு பிரபுவுக்கு வருடம் 42 பவுண்டு கோதுமையும் மூன்று கோழிகளும் அளக்க வேண்டும். இன்னொரு பிரபுவுக்கு ஓட்ஸ், ஒரு கோழி, ஒரு சூ. அதற்கு மேல் அரசாங்கத்தின் வரிகள். பெரிய மனிதர்கள் யாரோ ஏழைகளுக்காக ஏதோ செய்யப் போகிறார்களாம், யார், எப்படி என்று தனக்குத் தெரியாது என்றாள் அவள்.

இவள் சொன்ன கணக்கை மேலோட்டமாகக் கடந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். அந்தக் கோழிகளில்தான் பழைய சமூக அமைப்பு முழுவதும் இருக்கிறது. நிலம் அவளுடையதுதான், ஆனால் விளைச்சலில் பிரபுவுக்கு ஒரு பங்கு. தேவாலயத்துக்குத் தசமபாகம். பல ஊர்களில் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், பிரபுவின் அடுப்பில்தான் ரொட்டி சுட வேண்டும், இரண்டுக்கும் கட்டணம். பிரபுவின் புறாக்கள் விதையைத் தின்றால் விரட்டலாம், கொல்லக் கூடாது. அரசாங்கத்தின் முக்கிய நேர்வரியான ‘டெய்ல்’ அவள் தலையில் விழும். பிரபுவுக்கு அதிலிருந்து விலக்கு. உப்புக்குக் கபேல் என்ற வரி. நாட்டின் வட, மத்திய மாகாணங்களில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு உப்பு என்று கட்டாயமாக வாங்கியே ஆக வேண்டும். பக்கத்து மாகாணமான பிரித்தானியில் அந்த வரியே இல்லை. அங்கிருந்து பாவாடை மடிப்பில் உப்பை ஒளித்துக் கடத்தி மாட்டிக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்று பலரும் கவனிக்காதது. விவசாயி என்றால் தானியம் விற்பவர், விலை ஏறினால் அவருக்கு லாபம் என்று நினைக்கிறோம். பிரான்சின் பெரும்பாலான விவசாயிகளிடம் இருந்த நிலம் அவர்கள் குடும்பத்துக்கே போதாது. அளக்க வேண்டியதை அளந்த பிறகு, வருடத்தின் கடைசி மாதங்களில் அவர்களும் சந்தையில் தானியம் வாங்கித்தான் சாப்பிட்டார்கள். விலையேற்றத்தில் லாபம் கண்டவர்கள் களஞ்சியம் நிறைய வைத்திருந்தவர்கள்: பிரபு, மடாலயம், பெரிய குத்தகைக்காரர். பசித்தவன் கண்ணுக்குக் களஞ்சியமும் அதன் சொந்தக்காரரும் நன்றாகத் தெரிந்தார்கள்.

வரி கேட்ட கஜானா

அரசாங்கத்தின் கதை வேறு திசையிலிருந்து வந்து இதோடு சேர்கிறது. அமெரிக்க விடுதலைப் போருக்கு பிரான்ஸ் செய்த செலவு 100 கோடி லிவ்ருக்கு மேல். பெரும்பகுதி கடன். 1788-ன் வரவு செலவுக் கணக்கில் வரவு 50.3 கோடி, செலவு 62.9 கோடி. அந்தச் செலவில் பாதி பழைய கடனுக்கான வட்டியும் தவணையும். அரண்மனைச் செலவு 6 சதவீதம் அளவுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராணி மரி அந்த்வானெத்தின் ஆடம்பரம்தான் நாட்டைத் திவாலாக்கியது என்ற கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்’ என்ற வரியை இன்றும் அவர் வாயில் வைக்கிறார்கள். அந்தப் பேச்சு அவர் ஆஸ்திரியாவில் சிறுமியாக இருந்த காலத்திலேயே, பெயர் சொல்லாத ஒரு இளவரசியைப் பற்றி எழுதப்பட்டுவிட்டது. ஒரு பெண்ணின் நாக்கின் மேல் பழியைப் போட்டால் கூலிக் கணக்கையும் வட்டிக் கணக்கையும் யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கு இந்தக் கதையின் மேல் உண்மையாகவே கோபம் உண்டு.

கடனை அடைக்க எல்லா நிலத்துக்கும் வரி போட வேண்டும். அதாவது விலக்குப் பெற்றவர்களும் கட்ட வேண்டும். நிதி அமைச்சர் கலோன் 1787-ல் அதைத்தான் முன்வைத்தார். அழைக்கப்பட்ட பெருமக்கள் சபை மறுத்தது. அடுத்து வந்த பிரியென் முயன்றார். அரச ஆணைகளைப் பதிவு செய்யும் அதிகாரம் பெற்றிருந்த பாரிஸ் உயர் நீதிமன்றம் மறுத்தது. 1788 ஆகஸ்டில் கஜானா காலி. 8-ஆம் தேதி ஸ்டேட்ஸ் ஜெனரலைக் கூட்டுவதாக அறிவித்தார்கள். மதகுருமார், பிரபுக்கள், மற்றக் குடிமக்கள் என்ற மூன்று பிரிவினரின் பிரதிநிதிகள் கூடும் சபை அது; 1614-க்குப் பிறகு கூடியதே இல்லை. 16-ஆம் தேதி அரசு தன் கடன்களைக் காசாகத் தருவதைப் பகுதியளவு நிறுத்தியது. அதே ஆகஸ்டில்தான் மைசூரின் திப்பு சுல்தான் அனுப்பிய தூதர்கள் வெர்சாயில் லூயியைச் சந்தித்து, ஆங்கிலேயருக்கு எதிராகப் படை உதவி கேட்டார்கள். வரவேற்பு தடபுடலாக இருந்தது. படை கிடைக்கவில்லை.

ஸ்டேட்ஸ் ஜெனரலைக் கூட்டும்போது ஒவ்வொரு ஊரும் தன் குறைகளை எழுதி அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். 1789 வசந்தத்தில் நாடெங்கும் கூடி அப்படி எழுதிய குறைப் பட்டியல்கள் சுமார் 60,000. உப்பு வரி, புறா, கோழி, ஆலைக் கட்டணம் எல்லாம் காகிதத்துக்கு வந்தன. மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவர்களை அரசரே கூப்பிட்டு ‘சொல்லுங்கள்’ என்றார். பசியோடு இந்த நம்பிக்கையும் சேர்ந்தது. மேட்டில் நடந்த அந்த 28 வயதுப் பெண் சொன்ன ‘ஏதோ செய்யப் போகிறார்களாம்’ இதுதான்.

அரசரின் கடமை என்று ஒன்று இருந்தது

அரசரை ஏன் தேடினார்கள் என்பதற்கு வருகிறேன். பழைய பிரான்சில் தானியம் மற்றச் சரக்குகளைப் போன்றது அல்ல. அதைப் பதுக்கக் கூடாது, சந்தைக்கு வெளியே விற்கக் கூடாது, பாரிஸில் ரொட்டி விலையை அரசரின் காவல் அதிகாரி கண்காணிப்பார். பஞ்சம் வந்தால் அரசர் தானியம் தருவிப்பார். குடிகளுக்குத் தகப்பன் அரசர். தகப்பன் பிள்ளைகளைப் பட்டினி போட மாட்டார். எழுதாத இந்த ஒப்பந்தத்தை நம்பித்தான் மக்கள் வரியும் கட்டினார்கள்.

1774 செப்டம்பரில், லூயி பட்டத்துக்கு வந்த சில மாதங்களிலேயே, அமைச்சர் துர்கோ தானிய வணிகத்தின் மேலிருந்த கட்டுப்பாடுகளை நீக்கினார். விலையைக் கட்டுப்பாடில்லாமல் விட்டால் விளைச்சல் பெருகும், காலப்போக்கில் எல்லோருக்கும் நல்லது என்பது அவர் வாதம். அந்த வருடம் அறுவடை மோசம். 1775 வசந்தத்தில் ரொட்டி 13, 14 சூவைத் தொட்டது. பாரிஸைச் சுற்றி மூன்று வாரங்களில் 300-க்கும் மேற்பட்ட கலகங்கள். இதற்கு ‘மாவுப் போர்’ என்று பெயர்.

இந்தக் கலகத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று. பல சந்தைகளில் கூட்டம் தானியத்தைக் கொள்ளையடிக்கவில்லை. தானே ஒரு நியாய விலையை நிர்ணயித்து, அந்தக் காசைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போனது. திருட வந்தவன் காசு கொடுப்பானா? அரசர் செய்யத் தவறிய வேலையைத் தாங்களே செய்கிறோம் என்று அவர்கள் நினைத்தார்கள். அரசு படையை இறக்கியது. மே 11 அன்று பாரிஸில் கிரேவ் சதுக்கத்தில் இருவரைத் தூக்கிலிட்டார்கள்.

துர்கோ மறு ஆண்டு பதவி இழந்தார், கட்டுப்பாடுகள் திரும்பின. 1787-ல் மறுபடி தானிய வணிகத்தைத் திறந்துவிட்டார்கள், ஏற்றுமதி உட்பட. அடுத்த வருடம் ஆலங்கட்டி. விலை உயரும் ஒவ்வொரு முறையும் மக்களிடையே ஒரே பேச்சு: பெரிய இடத்து ஆட்கள் சேர்ந்து நம்மைப் பட்டினி போடச் சதி செய்கிறார்கள். சதி நடந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆனால் காக்க வேண்டியவரே கையை விட்டதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு ஆதாரம் தேவைப்படவில்லை.

1789 ஏப்ரல் இறுதியில் சேன்த் அந்த்வானில் சுவர்களில் ஒட்டும் அலங்காரத் தாள் தயாரித்த ரெவையோன் என்ற முதலாளியின் வீடு சூறையாடப்பட்டது. கூலி குறைய வேண்டும் என்று அவர் பேசியதாக வந்த செய்திதான் பொறி. உண்மையில், ரொட்டி விலை குறைந்தால்தான் கூலி குறையலாம் என்பதே அவர் வாதம். பகுதியில் அவர் நல்ல முதலாளி என்றே பெயர் எடுத்திருந்தார், ஆனால் ரொட்டி 14.5 சூ விற்கும்போது ‘கூலி’யும் ‘குறைப்பு’ம் ஒரே வாக்கியத்தில் வந்ததே போதுமானதாக இருந்தது. படை சுட்டதில் பலர் செத்தார்கள். ஜூலையில், பாஸ்டிலுக்கு முன்பே, நகரத்துக்குள் வரும் சரக்குக்கு வரி வசூலித்த சுங்கச் சாவடிகளை எரித்தார்கள். 13-ஆம் தேதி சேன் லசார் மடாலயத்தை உடைத்து, கிடைத்த தானியத்தை வண்டிகளில் ஏற்றிச் சந்தைக்கு அனுப்பினார்கள்.

அக்டோபர்

ஆகஸ்டில் ரொட்டி விலையை 12 சூவுக்கு இறக்கினார்கள். புதிய அறுவடையும் மோசமில்லை. அப்படியானால் அக்டோபரில் ஏன்? ரொட்டியே இல்லை. வறட்சியில் ஆறுகள் வற்றி ஆலைகள் ஓடவில்லை. கோதுமை இருந்தும் மாவு வரவில்லை. பிரபுக்கள் பலர் நாட்டை விட்டு ஓட, அவர்களை நம்பியிருந்த வேலைக்காரர்களும் தையற்காரர்களும் பல்லக்குத் தூக்கிகளும் வேலை இழந்தார்கள். இதற்கிடையே, ஸ்டேட்ஸ் ஜெனரலிலிருந்து உருவான தேசிய சபை பிரபுத்துவ உரிமைகளை ஒழித்து நிறைவேற்றிய ஆகஸ்ட் தீர்மானங்களுக்கும் மனித உரிமைப் பிரகடனத்துக்கும் லூயி ஒப்புதல் தராமல் இழுத்தடித்தார். அக்டோபர் 1 அன்று வெர்சாயில் புதிதாக வந்த ஃபிளாண்டர்ஸ் படைக்கு விருந்து. புரட்சியின் சின்னமான மூவண்ணப் பட்டையை அங்கே காலில் போட்டு மிதித்தார்கள் என்று பாரிஸ் முழுக்கப் பேச்சு. வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய பெண்ணின் காதில் அந்த விருந்துச் செய்தி எப்படி விழுந்திருக்கும்!

லே ஆல் சந்தைப் பெண்களுக்கு வெர்சாய் புது இடமும் இல்லை. இளவரசன் பிறந்தால் அரண்மனைக்குப் போய் வாழ்த்துச் சொல்வது அவர்களுடைய பழைய உரிமை. அரசரை நேருக்கு நேர் பார்த்துப் பேசிய ஏழைகள் பிரான்சில் இருந்தார்கள் என்றால் அது இவர்கள்தான். வழி தெரிந்தவர்கள் இந்த முறை பீரங்கியோடு போனார்கள்.

மாலையில் சேறும் ஈரமுமாகத் தேசிய சபைக்குள் நுழைந்து பெஞ்சுகளில் உட்கார்ந்து ‘ரொட்டி’ என்று கத்தினார்கள். சில பெண்களை அரசரிடம் அழைத்துப் போனார்கள். பேசத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் லூயிசோன் ஷாப்ரி, வயது 17. ‘ரொட்டி’ என்ற வார்த்தை வரை சொல்லிவிட்டு மயங்கி விழுந்தாள். லூயி ஒயின் கொடுக்கச் சொன்னார், அன்பாகப் பேசினார், பாரிஸுக்குத் தானியம் அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார். அவள் சந்தோஷமாக வெளியே வந்தாள். வாசலில் காத்திருந்தவர்கள் நம்பவில்லை. காசு வாங்கிவிட்டாய் என்று அடிக்கப் பாய்ந்தார்கள். திரும்ப உள்ளே போய் எழுத்தில் வாங்கி வந்த பிறகுதான் விட்டார்கள். தகப்பன் என்று நம்பிய ஒருவரிடம் கையெழுத்து கேட்கும் நிலைக்கு வந்திருந்தார்கள்.

இரவு லூயி ஆகஸ்ட் தீர்மானங்களையும் பிரகடனத்தையும் ஏற்றார். நள்ளிரவு நேரத்தில் லாஃபாயெத் தலைமையில் பாரிஸின் தேசியக் காவல் படை வந்து சேர்ந்தது. விடியற்காலையில் கூட்டம் அரண்மனைக்குள் புகுந்தது. மெய்க்காவலர் இருவரைக் கொன்று தலைகளை ஈட்டியில் செருகினார்கள். ராணி பாதி உடுத்தியபடி அரசரின் அறைக்கு ஓடினார். இதை மறைக்கவும் கூடாது, இது மட்டுமே நடந்தது என்று சொல்லவும் கூடாது. ‘பாரிஸுக்கு வா’ என்ற கூச்சலுக்கு முன் லூயி பணிந்தார்.

மதியம் கிளம்பிய ஊர்வலத்தில் அரச குடும்பத்தின் வண்டியோடு கோதுமை, மாவு மூட்டை ஏற்றிய வண்டிகளும் வந்தன. துப்பாக்கி முனைகளில் ரொட்டிகளைக் குத்தி வைத்திருந்தார்கள். ரொட்டிக்காரரையும் அவர் மனைவியையும் அவர்கள் பையனையும் கூட்டி வருகிறோம், இனி ரொட்டிக்குக் குறை இல்லை என்று பெண்கள் கூவிக்கொண்டே நடந்தார்கள். அரசருக்கு அவர்கள் வைத்த பெயரைக் கவனியுங்கள். அன்று யாரும் குடியரசு கேட்கவில்லை, முடியைக் கழற்றச் சொல்லவில்லை. தொலைவில் போய் உட்கார்ந்துகொண்டு வேலையைக் கவனிக்காத ரொட்டிக்காரரைக் கடைக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள்.

பதினைந்து நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று, நோத்ர் தாம் பேராலயத்துக்கு அருகில் கடை வைத்திருந்த தெனி பிரான்சுவா என்ற ரொட்டிக்காரர் ரொட்டியை ஒளித்து வைத்தார் என்று சொல்லிக் கூட்டம் அவரை இழுத்துப்போய்க் கிரேவ் சதுக்கத்தில் தூக்கிலிட்டது. அன்றைக்கே தேசிய சபை ராணுவச் சட்டம் நிறைவேற்றியது. நகர மன்றத்தில் செங்கொடி ஏறினால் கூட்டம் கலைய வேண்டும், கலையாவிட்டால் சுடலாம்.